அருகில் அமருங்கள், அளவாகக் கேளுங்கள்

சிறிய வீட்டில் இசை கேட்கும் கருவிகளை மேம்படுத்துவது பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். சில கடிதங்கள் நீளமாக இருந்ததால், கேள்விகளின் சாரத்தை மட்டும் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தில் பாட்டுக் கேட்கிறேன். சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டையும் மூலைக்கு ஒன்றாகச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். 40 வாட் ஆம்ப்ளிஃபயர். பாஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) குமுறுகிறது, பாடகரின் குரல் அதற்குள் அமுங்கிப் போகிறது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முதலில் ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதா, ஸ்பீக்கரை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். முதலில் மாற்ற வேண்டியது ஸ்பீக்கர்கள் இருக்கும் இடத்தையும் நீங்கள் உட்காரும் இடத்தையும்தான். அதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதாலேயே பலரும் அதைச் செய்து பார்ப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் நோயின் காரணம் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் இரு மடங்கு நீளமுள்ள ஒலியலை அந்தச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே வலுவாக்கிக்கொள்ளும். 4 மீட்டர் நீளத்துக்கு அது ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 43 அதிர்வுகள்), 3 மீட்டர் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸிலும் நிகழ்கிறது. பாஸ் கிட்டாரோ பெரிய முரசோ அந்தச் சுருதியைத் தொடும்போதெல்லாம் அறையும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். கருவி நின்ற பிறகும் அறை நிற்காது. நீங்கள் குமுறல் என்று எழுதியிருப்பது இதைத்தான். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் பக்கச் சுவர், பின் சுவர், தரை ஆகிய மூன்றும் சேர்ந்து பாஸை இன்னும் தூக்கிக் கொடுக்கும். இந்த நிலையில் ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் அதே குமுறலைக் கூடுதல் பலத்தோடு கேட்பீர்கள்.

அந்தக் கூடுதல் பலமும் நண்பர்கள் நினைக்கும் அளவுக்கு வராது. வாட் இரட்டிப்பானால் ஒலி அளவு 3 டெசிபெல்தான் கூடும். 40 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 4 டெசிபெல். நம் காதுக்கு ஓசை இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அது 86 டெசிபெல் ஒலி தரும் என்பது இதன் பொருள். இது பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவு சத்தம். சிறிய கூடத்தில் நாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்டுக்குள்தான் பாட்டுக் கேட்கிறோம். மிச்சமெல்லாம் திடீரென்று எழும் முரசொலிக்கான இருப்பு. அதற்கு உங்கள் 40 வாட் போதும்.

ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். நன்றாகப் பழகிய குரல் உள்ள ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியங்கள் குறைவாக இருந்தால் நல்லது. அறையின் நீளம் உங்களுக்கு முன்னும் பின்னுமாக இருக்கும்படி அமைத்துக்கொண்டு, ஸ்பீக்கர்களை மூலைகளிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். ட்வீட்டர் (பெட்டியில் உச்ச ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது இருக்கும் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டருக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விட்டு, அதே அளவு தூரத்தில் நாற்காலியைப் போட்டு, மூன்றும் சேர்ந்து சமபக்க முக்கோணமாக அமையுமாறு உட்காருங்கள். உங்கள் தலைக்குப் பின்னால் சுவர் ஒட்டியிருக்கக் கூடாது. சுவரருகே பாஸ் மிக அதிகமாகவும், அறையின் சரி நடுவில் மிகக் குறைவாகவும் கேட்கும். பின் சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் வந்து தொடங்குவது நல்லது. பிறகு ஸ்பீக்கர்களைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே அதே பாட்டைக் கேளுங்கள். ஓர் இடத்தில் பாடகரின் குரல் இரண்டு பெட்டிகளையும் விட்டு விலகி நடுவெளியில் வந்து நிற்கும். அந்த இடத்தில் தரையில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். பெருக்கும்போது நகர்ந்தாலும் திரும்ப வைத்துவிடலாம்.

ஸ்பீக்கரின் பின்புறம் வட்டத் துளை இருந்து, அதைச் சுவரை விட்டு நகர்த்த வழியே இல்லையென்றால், ஒரு காலுறையைச் சுருட்டி அந்தத் துளையில் தளர்வாகச் செருகிப் பாருங்கள். பாஸ் குறையும், ஆனால் தெளியும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் கேட்ட பிறகும் குறை தெரிந்தால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரை அதற்குப் பிறகு பார்க்கலாம். சிறிய அறைக்குச் சிறிய ஸ்பீக்கர் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். பிபிசி நிறுவனம் 1970-களில் எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கரை உருவாக்கியது. வெளிப்புற ஒலிபரப்பு வாகனங்களுக்குள், பொறியாளரின் முகத்துக்கு மிக அருகில் வைத்துக் குரலைச் சரிபார்ப்பதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. ஆழமான பாஸை அது தராது. ஆனால் மனிதக் குரலை அது கொடுக்கும் விதத்துக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். கடையில் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவும் சமமாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். துளியளவு சத்தம் கூடுதலாக உள்ளதே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

கேள்வி: பாட்டுப் போட்டாலே கீழ்த்தளத்தினர் குறை சொல்கிறார்கள். சுவர் முழுவதும் ஃபோம் பலகை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்கிறார்களே, உண்மையா? முட்டை அட்டைகளை ஒட்டினாலும் போதும் என்கிறார் ஒருவர்.

பதில்: இரண்டும் பயன் தராது. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை, ஒலி சுவரைத் தாண்டிப் போகாமல் தடுப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணத்தை வீணாக்கியவர்கள் பலர்.

முதல் வேலையின் அறிவியலைத் தொடங்கிவைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் வாலஸ் சாபின். அங்கே 1895-இல் திறக்கப்பட்ட ஒரு விரிவுரை அரங்கில், பேசிய சொல் 5 நொடிக்கு மேல் சுழன்றுகொண்டிருந்ததால் அடுத்து வரும் சொற்கள் எதுவும் விளங்கவில்லை. அவர் இரவு நேரங்களில் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். மெத்தைகள் கூடக் கூட ஒலி விரைவில் அடங்கியது. உங்கள் வீட்டில் கனமான திரை, தரை விரிப்பு, துணி போர்த்திய சோபா, புத்தகம் நிறைந்த அலமாரி எல்லாம் சாபினின் மெத்தைகள் செய்த வேலையைத்தான் செய்கின்றன. வெறும் சுவரும் ஓடு பதித்த தரையுமான கூடத்தில் அவற்றால் குரல் தெளிவது உறுதி.

ஆனால் கீழ்வீட்டுக்குப் போகும் ஒலியை அவை தடுக்கமாட்டா. ஒலியைத் தடுப்பது கனம். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால்தான் ஏறக்குறைய 5 அல்லது 6 டெசிபெல் குறையும். கைக்கு இலேசாக இருக்கும் ஃபோமுக்கும் அட்டைக்கும் அந்தக் கனம் ஏது? அதிலும் பாஸ் ஒலி தரை வழியாகவும் தூண்கள் வழியாகவும் அதிர்வாகவே பயணம் செய்யும்.

இதை நான் புரிந்துகொண்டது என் கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான். அவர் என்னைக் கூப்பிட்டுத் தம் படுக்கையறையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். மேலே என் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டில் ஒரு சொல்கூட, ஒரு ராகம்கூட அங்கே கேட்கவில்லை. கூரையிலிருந்து ‘தொம்... தொம்...’ என்ற ஓசை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. “பாட்டாகக் கேட்டால்கூட நானும் சேர்ந்து ரசிப்பேன் சார், எனக்கு இந்த இடி மட்டும்தானே வருகிறது” என்றார். அன்று மாலையே, ஆழமான பாஸுக்கென்றே தனியாக உள்ள சப்வூஃபரைத் தரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

நீங்கள் செய்யக்கூடியவை இவை. சப்வூஃபர் இருந்தால் அதன் அளவைக் குறையுங்கள். இரவில் அணைத்தே வையுங்கள். ஸ்பீக்கர்களைப் பொதுச் சுவரில் மாட்ட வேண்டாம். தாங்கியின் மேல், அடியில் ரப்பர் துண்டு கொடுத்து வையுங்கள். கதவின் அடி இடுக்கை அடையுங்கள். இவை எல்லாவற்றையும் விட, ஸ்பீக்கருக்கு அருகில் போய் உட்காருங்கள். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடுகிறது. 3 மீட்டரில் உட்காரும் நீங்கள் ஒன்றரை மீட்டருக்கு வந்தால், வால்யூமைக் கணிசமாகக் குறைத்தும் உங்களுக்குப் பாட்டு பழையபடியே கேட்கும். கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும் அது குறையும். சிறிய வீட்டில் ஒலிக் கருவியை மேம்படுத்த இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

பிறகு அனுமதி கேட்டு ஒருமுறை கீழ்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, உங்கள் வீட்டில் ஒருவரை வால்யூமைச் சிறிது சிறிதாக ஏற்றச் சொல்லுங்கள். ஓசை கேட்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குமிழின் பக்கத்தில் ஒரு சிறிய காகிதத் துண்டை ஒட்டிவையுங்கள். இரவில் அதுதான் உங்கள் எல்லை.

கேள்வி: வால்யூமைக் குறைத்தால் பாட்டில் உயிரே இல்லை. விலை கூடிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் குறைந்த ஒலியிலும் நிறைவாகக் கேட்குமா?

பதில்: இது கருவியின் குறை இல்லை; காதின் இயல்பு. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, ஒலி அளவு குறையக் குறைய நம் காது பாஸை மற்ற ஒலிகளைவிட வேகமாக இழக்கிறது என்பதைக் காட்டியது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்றொரு பொத்தான் இருந்தது இதனால்தான். குறைந்த ஒலியில் பாஸைச் சற்றே தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் அது இருந்தால் இரவில் தயங்காமல் போடுங்கள். இல்லையென்றால் பாஸ் குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள். அது கலப்படம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். புதிதாக வாங்குவதானால் இந்த வசதி உள்ளதைத் தேடி வாங்குங்கள். பகலில் சத்தமாகக் கேட்கும்போது மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் கேபிளுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

பதில்: மிகக் குறைவாக. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 3 மீட்டர் போட்டால், போக வரச் சேர்த்து அதன் மின்தடை 0.07 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அதைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தவிர்த்து, முழுச் செம்பாக வாங்குங்கள். சிவப்பு, கறுப்பு முனைகள் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அலையும்.

கேள்வி: செல்பேசியிலிருந்து புளூடூத் வழியாகக் கேட்கிறேன். கம்பி வழியாகக் கேட்டால் தரம் கூடுமா?

பதில்: கூடும், ஆனால் எல்லோருக்கும் தெரியும் அளவுக்குக் கூடும் என்று சொல்லமாட்டேன். குறுந்தகட்டில் உள்ள இசை நொடிக்கு 14 லட்சம் பிட்டுகளுக்குச் சற்று மேல். புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி, அதைப் பொதுவாகச் சுமார் மூன்றேகால் லட்சம் பிட்டுகளாகச் சுருக்கி அனுப்புகிறது. எல்டிஏசி என்ற முறை 9.9 லட்சம் பிட்டுகள் வரை போகும். காது மிகவும் கூர்மையாகக் கேட்காத பகுதிகளைப் பார்த்து விலக்குவதால்தான் இவ்வளவு சுருக்கியும் பாட்டு பாட்டாகவே இருக்கிறது. சமைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் கேட்பதற்குப் புளூடூத் போதும். கண்ணை மூடி உட்கார்ந்து கேட்பதற்குக் கம்பியோ, வைஃபை வழி இயங்கும் கருவியோ வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிக்குப் புளூடூத் வேண்டாம். உதடு அசைந்த பிறகு சொல் வந்து சேரும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரில் எப்போதும் ‘உம்’ என்ற இரைச்சல் வருகிறது. பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்றார் ஒருவர்.

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் உங்கள் உயிரைக் காப்பது அந்தப் பின்தான். தொலைக்காட்சி, ஆம்ப்ளிஃபயர், கணினி எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கும்படி மாற்றுங்கள். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எது கழன்றால் இரைச்சல் நிற்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் தொலைக்காட்சிக்கு வரும் ஆண்டெனா கேபிள்தான் காரணமாக இருக்கும். எதைக் கழற்றியும் நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் வசனம் புரிவதில்லை. சவுண்ட்பார் வாங்குவதா, இரண்டு ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயரும் வாங்குவதா?

பதில்: மெல்லிய தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் சொற்கள் சுவரில் பட்டுத்தான் உங்களிடம் வருகின்றன, குறை உங்கள் காதில் இல்லை. வசனத்துக்காக மட்டும் என்றால் நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள சவுண்ட்பார் போதும், இடமும் மிச்சம். பாட்டும் கேட்பீர்கள் என்றால் இரண்டு ஸ்பீக்கர்களையே வாங்குங்கள். இரு ஸ்பீக்கர்களிலும் சமமாக வரும் குரல், எதிரே நடுவில் அமர்ந்திருப்பவருக்குத் திரையின் நடுவிலிருந்து வருவதாகவே கேட்கும். ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையின் அழகு அது. ஆனால் அது நடுவில் இருப்பவருக்கு மட்டும்தான். கூடத்தின் ஓரத்தில் உட்காருபவருக்குக் குரல் அருகிலுள்ள பெட்டிக்கு ஓடிவிடும். குடும்பத்தோடு படம் பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஆம்ப்ளிஃபயரில், தொலைக்காட்சியின் ஒலியை ஒரே கம்பியில் கொண்டுவரும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு இருந்தால் தொலைக்காட்சி ரிமோட்டிலேயே வால்யூமை மாற்றலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி.

கேள்வி: மறைந்த என் தந்தையின் ஸ்பீக்கர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் வந்திருக்கின்றன. பாட்டுப் போட்டால் கரகரக்கிறது. தூக்கிப்போட மனமில்லை. அப்பா கேட்டதைப் போலவே கேட்க முடியுமா, அல்லது அம்மா சொல்வதுபோல் எல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை என்றே நினைக்கிறேன். முன்பக்கத் துணியைக் கழற்றிவிட்டு, பாஸைத் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். கருகிய காகிதம்போல் உதிர்ந்து விரலில் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் ஒட்டினால், அது பாலியூரிதேன் ஃபோம். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தாலேயே பத்து முதல் இருபது ஆண்டுகளில் அது மக்கிவிடும். ரப்பர் வளையமாக இருந்தால் இன்னும் நெடுங்காலம் உழைக்கும்.

வளையம் போனால் ஸ்பீக்கரே போனதாக ஆகாது. இரண்டு கட்டைவிரல்களையும் கூம்பின் நடுவுக்கு இருபுறமும் வைத்து, கோணாமல், மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் உள்ளிருக்கும் சுருள் நலமாக இருக்கிறது. மணலைத் தேய்ப்பதுபோல் ஓசை வந்தால் சுருள் உரசுகிறது. நன்கு அறிந்தவரிடம் கொடுங்கள். சுருள் நலமாக இருந்தால், அதே விட்டத்தில் புதிய வளையம் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். பழைய வளையத்தின் மிச்சத்தை ஒட்டுமொத்தமாகப் பிய்க்காமல், கூம்பின் காகிதம் கிழியாதபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பெட்டிக்குள் ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பலகையில் மின்பகு மின்தேக்கிகள் (எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள்) இருந்தால் அவற்றையும் அதே மதிப்பில் மாற்றிவிடுங்கள். அவையும் ஆண்டுகள் ஆக ஆக உலர்ந்துபோகும்.

அம்மா பக்கத்தில் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்யுங்கள். அப்பா ஸ்பீக்கர்களை எங்கே வைத்திருந்தார், எவ்வளவு தள்ளி உட்கார்ந்து கேட்டார் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அந்தத் தூரத்தையும் பெட்டிகளைப் போலவே காப்பாற்றி வையுங்கள். வளையத்தை ஒட்டியதும் கூம்பு நடுவில் சரியாக நிற்கிறதா என்று மறுபடியும் அழுத்திப் பாருங்கள், பசை ஒரு நாள் முழுவதும் காயட்டும். மறுநாள் வால்யூமை மிகக் குறைவாக வைத்து, அப்பா அடிக்கடி கேட்ட பாட்டிலிருந்து தொடங்குங்கள்.